அப்பாவின் படத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு

நெதர்லாந்தில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறைக்குள் மாட்டுகிறார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஆன்னெக்கேயிடம் காபி குடிக்கப் போயிருந்தேன். நடுவில் எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவைச் சாத்தினால், எதிர்ச் சுவரில் அவளுடைய மகன், மருமகள், அக்கா, பல் டாக்டர் என்று ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலண்டரில் கிழமை இருக்காது. அதனால் வருடா வருடம் மாற்ற வேண்டியதில்லை, ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். தேதி, அதற்கு நேரே பெயர், பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம். இறந்துபோன அவள் கணவர் பெயருக்கு அருகில் மட்டும் சின்னதாக ஒரு சிலுவை. பழகிய பிறகு என் குடும்பத்தையும் அதில் சேர்த்தாள். ஒருநாள் என் அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்டாள். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் எழுதுவதா என்று எனக்குச் சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தேதியைச் சொன்னேன். சில வருடங்களில் அந்தச் சுருக்கும் போய்விட்டது. ஒரு பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்து கண்ணில் பட்டால் பிறந்தநாள் என்று மட்டுமே தோன்றும் அளவுக்கு நான் இந்த ஊர்க்காரியாகிப் போனேன். அதற்கான கூலி பிறகு கிடைத்தது.

தமிழில் வலைப்பூ தொடங்க என்னென்ன வேண்டும் என்று இங்கே புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். எந்தத் தளம் நல்லது, எந்த எழுத்துரு, எந்த டெம்ப்ளேட், எது இலவசம், எதற்குக் காசு கொடுக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இணையத்தில் கொட்டிக் கிடக்கும் 'சிறந்த பத்துக் கருவிகள்' பட்டியல்களில் இருக்கும் உற்சாகத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பட்டியல்களை எழுதுகிறவர்கள் ஆயிரம் வாசகர்களைப் பிடிக்கும் வழியைச் சொல்வார்கள். யாருக்காக எழுதப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான் ஒரே ஒரு ஆளுக்காகத் தொடங்கினேன். அவருக்குக் காது கேட்காது.

அப்பாவின் காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் போனில் நான் ஒன்று கேட்க அவர் வேறொன்றுக்குப் பதில் சொன்னார். இங்கே பனி கொட்டுகிறது என்றால், சாப்பிட்டாச்சு என்பார். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு" என்று அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்றுவரை அது பையில்தான் இருக்கிறது. வீடியோவில் கூப்பிட்டால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், தலையாட்டுவார், போனைத் தம்பி குமாரிடம் கொடுத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார். அத்தோடு எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றது. சண்டை போட்டு நின்றிருந்தால்கூட ஒரு நாள் சமாதானம் ஆகலாம். இது அப்படி இல்லை.

குமார் ஒரத்தநாட்டில் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறான். அவனும் அவன் மனைவியும்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதை நான் மறந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் அப்பாவுக்கு எதையும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவது. கணக்கு வாத்தியார் என்பதால் அவருக்கு அது கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது நான் அந்தச் சிலேட்டை வாங்கி, அங்கே போனபின் உங்களுக்கு எப்படி எழுதட்டும் என்று எழுதிக் காட்டினேன். போனில் செய்தி அனுப்பினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துவிடுகிறது என்றும் எழுதினேன். அப்பா கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

"எனக்குன்னு எழுதாத சுமதி. எனக்கு மட்டும்னா நான் சௌக்கியம், நீங்க சௌக்கியமான்னு ரெண்டு வரில முடிச்சிடுவ. நாலு பேரு படிக்கிற மாதிரி எழுது. அதுலேர்ந்து நான் உன்னத் தெரிஞ்சுக்கிறேன்."

இப்படித்தான் வலைப்பூ வந்தது. அதற்கு 'அப்பாவுக்கு' என்று பெயர் வைத்தேன்.

கருவிகளை நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன், பயன்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இலவசத் தளம்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தின் இரண்டு பக்கமும் விளம்பரம் வந்தது. நான் வயலைப் பற்றி எழுதினால் பக்கத்திலேயே மூட்டுவலித் தைலம் வந்து நின்றது. அப்பா அதைத் தொட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவார் என்று பயந்து, காசு கொடுத்துச் சொந்த முகவரி வாங்கினேன். அடுத்தது எழுத்துரு. ஆங்கிலத்துக்கென்று செய்த அழகான டெம்ப்ளேட்டுகளில் தமிழைக் கொண்டுபோய் வைத்தால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் உட்கார்ந்துகொள்ளும். கண் மங்கியவர் படிக்கக் கூடிய தடித்த யூனிகோட் எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழகினேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை எளிதுதான், ஆனால் அம்மா என்று எழுத முதலில் ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டியிருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிழைதிருத்தி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மடையும் வரப்பும் நாற்றங்காலும் அதற்குப் பிழையாகத் தெரிந்தன. இலவசப் படங்கள் கிடைக்கும் தளத்தில் நெல்வயல் என்று தேடினால், வேறு ஏதோ நாட்டு மலைச்சரிவில் கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் நாற்று நடுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தரை சிலேட்டு மாதிரி தட்டையானது. அதைப் படம் பிடித்துப் போட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அப்பாவிடம் ஒரு டேப் இருந்தது. அதில் என் பக்கத்தைத் திறந்தால் படங்களையும் அலங்காரத்தையும் எல்லாம் மறைத்துவிட்டு, எழுத்தை மட்டும் பெரிதாகக் காட்டும்படி அமைத்துக் கொடுத்தேன். பதில் எழுத, விரலால் திரையில் எழுதினால் அச்செழுத்தாக மாற்றித்தரும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். இருக்கிற கருவிகளிலேயே நான் மனதாரப் புகழ்வது இது ஒன்றைத்தான். கரும்பலகையில் எழுதிய கை, அப்படியே கண்ணாடியில் எழுதியது. நான் ஒரு கட்டுரை போட்டால், மறுநாள் அவருடைய பின்னூட்டம் வந்துவிடும். பின்னூட்டங்களை நான் பார்த்து அனுமதித்தால்தான் பக்கத்தில் தெரியும்படி வைத்திருந்தேன். எவனெவனோ வந்து கடன் வேண்டுமா என்று எழுதிவிட்டுப் போவதால் இந்த மட்டுறுத்தல் அவசியம், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பின்னூட்டங்களும் அந்த வரிசையில்தான் வந்து நின்றன. இரண்டாம் பத்தியில் சொன்னதை நான்காம் பத்தியில் மறுபடியும் சொல்லியிருக்கிறாய் என்பார். நீ சொல்லும் அந்த ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்பார். நான் அனுமதித்துவிட்டுப் பதில் எழுதுவேன். ஊரில் இருந்த காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டது கிடையாது.

ஒரே ஒரு முறை அவர் கட்டுரையைப் பற்றிப் பேசாமல் வேறொன்று எழுதினார். அம்மாவைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அம்மா இறந்தபோது நான் வந்து சேரும்வரை அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போது இதுதான் வழக்கம், பந்தல்காரருக்குச் சொல்லும்போதே பெட்டிக்கும் சொல்லிவிடுகிறார்கள். நான் போய் இறங்கியபோது பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அப்போது அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்துளி கோர்த்திருந்ததை நான் எழுதியிருந்தேன். அப்பாவின் பின்னூட்டம் இப்படி இருந்தது: "அவள் குளிர் தாங்காதவள். மார்கழியில் மின்விசிறி போடவிட மாட்டாள். எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். குமாரிடம் சொல்லிவிட்டேன், உனக்கும் எழுதிவிட்டேன்." அனுமதித்தேன். சரி அப்பா என்று மட்டும் பதில் போட்டேன்.

அம்மாவின் சாவுக்குச் சித்தப்பாவும் வந்திருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி, திருவாரூரில் இருக்கிறார். கூட்டுப் பட்டாவைப் பிரித்தபோது ஒரு வாய்க்கால் யார் பக்கம் போவது என்பதில் வந்த தகராறில் இருவருக்கும் பேச்சு இல்லை. எங்கள் கல்யாணங்களுக்கு அவர் வரவில்லை. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை இல்லை. ஆனால் எங்கள் பக்கம் சாவுக்கு வராமல் இருக்க முடியாது. எவ்வளவு பகையாக இருந்தாலும் மாலையோடு வந்து, போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட வேண்டும். அன்று அவர் அப்படித்தான் செய்தார். மாலையைப் போட்டுவிட்டு, அம்மாவை எடுக்கும்வரை எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நின்றார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இனி டெம்ப்ளேட்டுக்கு வருகிறேன். போன வருடம் என் பழைய டெம்ப்ளேட் காலாவதியாகிவிட்டது, புதியது தேட வேண்டியிருந்தது. ஆன்னெக்கே ஒரு காலத்தில் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தவள். என் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அது பழக்கடை மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் வெள்ளைத் தாள், நடுவில் ஒரே ஒரு படம், சுற்றி நிறைய வெற்றிடம் என்று ஒன்று வந்தது. எந்தப் படத்தைப் போட்டாலும் அது தானாகவே கறுப்பு வெள்ளையாக்கி, மெல்லிய கறுப்புக் கரை போட்டுக்கொள்ளும். "மோய்" என்றாள். அழகு என்று அர்த்தம். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கறுப்புக் கரை போட்ட கறுப்பு வெள்ளைப் படம் தஞ்சாவூர் ஜில்லாவில் எதைச் சொல்லும் என்று, பஸ் நிறுத்தத்திலும் டீக்கடைச் சுவரிலும் அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அந்த நிமிடத்தில் தோன்றவே இல்லை.

அப்பாவின் பிறந்தநாள் வந்தது. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி அது, அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்டது. அதை அவர் கொண்டாடியதே கிடையாது. ஊரில் யாருக்கும் தெரியாது. ஆன்னெக்கேயின் கழிப்பறையில் இருந்ததால் எனக்கு அது நினைவில் நின்றது, அவ்வளவுதான். அவர் வகுப்பில் நானே மாணவியாக உட்கார்ந்து குட்டு வாங்கிய கதையை வேடிக்கையாக எழுதினேன். மேலே அவருடைய படம். படத்துக்குக் கீழே பெயர், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்ற வரி, பிறந்த வருடம். அதற்கும் மேலே வலைப்பூவின் பெயர், 'அப்பாவுக்கு'. குறித்த நேரத்தில் தானாக வெளியிட்டு, உறவுக்காரர்களும் அப்பாவோடு வேலை பார்த்தவர்களும் இருக்கும் போன் குழுவுக்கும் தானாக அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறது. ஊரில் விடியும்போது போகும்படி அதில் நேரம் குறித்தேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது என்றாரே, ஒரு நாளாவது நாற்பது பேர் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

காலையில் நான் எழுந்து அடுப்பில் பால் வைத்தபோது அங்கே மதியமாகப் போகிற நேரம். போன் அடித்தது. மன்னார்குடி அத்தை. அப்பாவின் தங்கை. எடுத்ததுமே அழுகை.

"சுமதி, எங்கண்ணன் போயிட்டாரேடி. ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே. எப்படி ஆச்சு?"

நான் அந்தப் பக்கத்தை எழுதியவள். படத்தைத் தேர்ந்தெடுத்தவள். நேரம் குறித்தவள். இருந்தும் அத்தை சொன்னதை அப்படியே நம்பினேன். இத்தனை வருடமாக எந்தப் போனை எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. குமாரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அவன் எடுக்காததாலேயே எனக்கு உறுதியாகிவிட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மடிக்கணினியைத் திறந்து விமானம் தேடினேன். எந்த வழியாகப் போனாலும், எவ்வளவு கொடுத்தாலும், திருச்சியில் இறங்கிக் கார் பிடித்தாலும் மறுநாள் மாலைக்கு முன்னால் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. பெட்டி வேண்டாம் என்று எழுதியிருந்தாரே என்று அப்போதுதான் உறைத்தது.

வாசல் மணி அடித்தது. கையில் ஒரு கொத்து டூலிப் பூவோடு ஆன்னெக்கே. இந்த நாட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய மகளுக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். காலையில் கழிப்பறையில் அப்பாவின் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

"ஹெஃபெலிசிட்டீர்ட், உன் அப்பாவுக்காக" என்று கட்டிக்கொண்டாள். வாழ்த்துகள் என்று பொருள்.

அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவள் கை என் தோளிலேயே நின்றுவிட்டது. "இன்றைக்கா? பிறந்தநாளிலா?" என்று கேட்டாள். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் குமார் கூப்பிட்டான்.

"அக்கா, என்ன போட்டு வச்சிருக்க நீ? காலையிலேர்ந்து வீட்டு வாசல்ல ஒரே கூட்டம். ஒருத்தர் விடாம மாலையோட வராங்க. கேட்டுக்கிட்ட நின்னு ஆளாளுக்கு விஷயத்தச் சொல்லிட்டிருக்கேன். போன எடுக்கக்கூட முடியல."

"அப்பா?"

"அப்பாவுக்கென்ன. காபி குடிச்சிட்டுக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. புது வேட்டி வேற."

நான் அழுததில் ஆன்னெக்கே இன்னும் பயந்துபோனாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. குழுவில் போய்ப் பார்த்தேன். படமும் பெயரும் வருடமும் கறுப்புக் கரையோடு மேலே நின்றன, அதற்குக் கீழே வரிசையாகக் கண்ணீர்ப் பொம்மைகளும் கும்பிட்ட கைகளும். ஆழ்ந்த இரங்கல் என்று பெங்களூரில் இருந்தும் துபாயில் இருந்தும் எழுதியிருந்தார்கள். உள்ளே திறந்து ஒரே ஒரு வரி படித்திருந்தால் போதும், குட்டு வாங்கிய கதை என்று தெரிந்திருக்கும். யாருக்கும் படிக்கத் தோன்றவில்லை. தடித்த எழுத்துருவும் தமிழ்99-உம் சொந்த முகவரியும் யாருக்காக என்று அன்று நன்றாகத் தெரிந்தது. திறந்து படித்தவர் ஒரே ஒருவர், அப்பாவோடு வேலை பார்த்த கூத்தாநல்லூர் ஜமால் சார். அவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கைகொடுத்து, கூட்டத்தைப் பார்த்துக் குழம்பிப்போய் ஓரமாக உட்கார்ந்திருந்தாராம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிக்காதவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, பூக்கடையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் கட்டுரையை இங்கே மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு முழுக்கப் படிக்கிற ஆன்னெக்கே, என் வீட்டுக்கு வருவதென்றால் முந்தின வாரமே நேரம் கேட்பாள். இரண்டையும் ஒரே ஊரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காலையிலேயே டேப்பில் கட்டுரையைப் படித்துவிட்டார். எழுத்தை மட்டும் காட்டும்படி நானே அமைத்துக் கொடுத்திருந்ததால் கறுப்புக் கரை அவர் கண்ணில் படவில்லை. உறவுக்காரர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தேன். ஆட்கள் வர ஆரம்பித்ததும், எல்லோரும் என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முன்வாசலில் நாற்காலியைப் போடச் சொல்லி, புது வேட்டியோடு உட்கார்ந்து, கேட்டுக்கு வெளியே தெரிந்த ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் மாலையை வண்டியிலேயே மறைத்துவிட்டு, ஒப்புக்கு உள்ளே வந்து, சிரித்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். சாவுக்குக் கொண்டுவந்த மாலையை உயிரோடு இருக்கிறவர் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதற்குப் பயந்தே குமார் கேட்டை விட்டு நகரவில்லை. ஒருமுறை மட்டும், யாரோ பெரியவரைப் பிடித்து ஆட்டோ ஏற்றிவிடத் தெருமுனைக்குப் போயிருக்கிறான். அப்போது சித்தப்பா வந்துவிட்டார்.

இதைக் குமார் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள சித்தப்பா கேட்டத் தாண்டி வந்துட்டாரு அக்கா. துண்ட இடுப்புல கட்டிட்டு, அண்ணான்னு சத்தமா அழுதுக்கிட்டே வராரு. கையில பெரிய ரோஜா மாலை. அப்பாவுக்குத்தான் அழுக கேக்காதே. தம்பி வந்துட்டான்னு எந்திரிச்சாரு. அவர் அப்படி எந்திரிச்சு நான் பாத்ததே இல்ல. வாடா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதான்னு கேட்டுட்டு, மாலைக்குக் கழுத்தக் குனிஞ்சு காட்டுறாரு."

"சித்தப்பா என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணுவாரு? சிலையாட்டம் நின்னாரு. அந்த மாலைய எப்படிப் போடுறது? அப்படியே திரும்பி, மாலையோட வண்டியில ஏறிப் போயிட்டாரு. அப்பா கொஞ்ச நேரம் குனிஞ்சாப்லயே நின்னாரு."

எனக்குச் சித்தப்பாமேல் கோபம் பொங்கியது. மாலையை ஜமால் சாரிடம் கொடுத்துவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டிருக்கலாம். உயிரோடு இருக்கிற அண்ணனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அழத் தெரிந்த மனிதருக்கு அது தெரியவில்லை. வழியில் ஏதாவது வாய்க்காலில் அந்த மாலையை வீசியிருப்பார். எந்த வாய்க்கால் என்று கேட்கத் தோன்றுகிறது.

தம்பி ஏன் திரும்பிப் போனான் என்று அன்று முழுக்க அப்பா வீட்டில் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார். சிலேட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. உங்கள் சாவுக்குத்தான் வந்தார்கள் என்று யார் எழுதிக் காட்டுவார்கள்? குமார் மனைவி சிலேட்டில், அவசர வேலையாம் என்று எழுதினாளாம். அப்பா அதை அழித்துவிட்டார். மறுநாள் அந்தப் பிறந்தநாள் கட்டுரைக்குக் கீழே பின்னூட்டம் வந்து நின்றது. "என் தம்பி மாலையோடு வந்து, போடாமல் திரும்பிப் போனான். காரணத்தை இங்கே யாரும் எழுதிக் காட்டவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். எழுது."

ஆன்னெக்கேயிடம் கேட்டேன். அவளுக்கு இது சிக்கலாகவே தெரியவில்லை. "சொல்லிவிடு, சிரிப்பார். தன் இறுதிச் சடங்குக்கு யார் யார் வருவார்கள் என்று பார்க்க எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?" என்றாள். எங்கள் பக்கத்தில் இதற்குச் சிரிக்கிறவர்களும் உண்டு. ஆனால் கழுத்தைக் குனிந்து காட்டிய பிறகு எப்படிச் சிரிப்பது என்று அவளுக்கு விளக்க, என்னிடம் இருந்த டச்சு போதவில்லை. இருந்தும் அவள் சொன்னபடிதான் செய்தேன். அப்பாவுக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. படம், கறுப்புக் கரை, வருடம், அத்தையின் போன், சித்தப்பா ஏன் வந்தார், ஏன் போனார், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுதினேன். சித்தப்பா அழுதுகொண்டே வந்ததை இரண்டு முறை எழுதிவிட்டேன் என்று பிறகு கவனித்தேன். அப்பா அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

டெம்ப்ளேட்டை அன்றே மாற்றிவிட்டேன். பழக்கடை மாதிரி இருந்த அந்த மஞ்சளும் சிவப்பும்தான் இப்போது இருக்கிறது. அப்பாவின் படத்தை எடுத்துவிட்டேன், மறுபடி வைக்கக் கை வரவில்லை. படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் காலியாக இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: எந்த டெம்ப்ளேட்டையும் முதலில் ஊரில் இருக்கிற ஒருவர் போனில் எப்படித் தெரிகிறது என்று கேட்டுவிட்டு வையுங்கள். நம் கண்ணை நம்பாதீர்கள், அது இங்கே வந்து கெட்டுப்போயிருக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் திறந்து படிப்பார்கள் என்றும் நம்பாதீர்கள்.

அப்பாவின் பதில் வழக்கம்போல மறுநாளே வந்தது. பிழை எதையும் சுட்டிக்காட்டவில்லை. "படித்தேன். ஆக, நான் போனால் அவன் வருவான். அது உறுதியாகிவிட்டது, நல்லதுதான். திருவாரூரிலிருந்து அவனுக்கு ரொம்ப நேரம் ஆகாது. பெட்டி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. நீ எப்படி வந்து சேர்வாய் என்பதை மட்டும் எழுது."

மற்ற பின்னூட்டங்களைப் போலவே அதுவும் என் அனுமதிக்காக நிற்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, வெளியிடு, நீக்கு. பதில் எழுதும் கட்டம், வெளியிட்ட பிறகுதான் திறக்கும். அந்தப் பக்கத்தை நான் தினமும் திறக்கிறேன். விமானம் தேடிய பக்கமும் பக்கத்திலேயே திறந்தபடி இருக்கிறது, அதில் இப்போதும் மறுநாள் மாலை என்றுதான் காட்டுகிறது. அங்கே அப்பா டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் குமார் சொன்னான். நான் இன்னும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.